கடைசி அறையில் வைஃபை திணறினால் என்ன செய்வது?

ரவுட்டர் ஹாலில் இருக்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் வேகத்துக்குக் குறையில்லை. கடைசி அறைக்குப் போனால் ஒரு பக்கம் திறக்கவே நேரமாகிறது, வீடியோ கால் பாதியில் உறைந்து நிற்கிறது. இணையத் திட்டத்தை உயர்த்தலாமா, நிறைய ஆன்டெனா வைத்த பெரிய ரவுட்டராக மாற்றலாமா, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் வாங்கி மாட்டலாமா என்பதுதான் கேள்வி.

மூன்றில் எதற்கும் இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். ரவுட்டர் பக்கத்தில் வேகம் நன்றாக வருகிறது என்றால் திட்டத்தை உயர்த்தி ஒரு பயனும் இல்லை. வீட்டுக்குள் வந்த வேகம்தான் சுவர்களைத் தாண்ட முடியாமல் நிற்கிறது. பெரிய ரவுட்டர் சில வீடுகளில் கொஞ்சம் உதவும், பல வீடுகளில் உதவாது. ரிப்பீட்டர் வைக்கும் இடத்தைப் பொறுத்தது. நான் யாருக்கு யோசனை சொன்னாலும் முதலில் சொல்வது இதைத்தான்: ஒரே இடத்திலிருந்து சிக்னலைத் தூரத்துக்குத் தள்ளப் பார்க்காதீர்கள், முடிந்தால் ஒரு கேபிளை அந்த அறைப் பக்கம் கொண்டுபோய் அங்கேயே சிக்னல் கிடைக்கும்படி செய்யுங்கள். அதற்கு வழியே இல்லாதபோது மற்றதைப் பார்க்கலாம். ஆனால் அதற்கும் முன்னால் செய்ய வேண்டிய, செலவே இல்லாத வேலை நிறைய இருக்கிறது.

முதலில் அளந்து பாருங்கள். லேப்டாப்பை லேன் கேபிள் மூலம் நேராக ரவுட்டரில் செருகி வேகச் சோதனை செய்யுங்கள். அப்புறம் கேபிளைக் கழற்றிவிட்டு, அதே லேப்டாப்பில், ரவுட்டரிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வைஃபையில் ஒரு முறை. கடைசியாக அந்தத் தூரத்து அறையில், நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில். காலையிலும் இரவு நெரிசல் நேரத்திலும் செய்து பார்த்தால் இன்னும் நல்லது. கேபிளிலேயே வேகம் வரவில்லை என்றால் வைஃபையைத் தொட வேண்டிய அவசியமே இல்லை, சேவை தருபவரிடம் பேச வேண்டிய விஷயம் அது. கேபிளில் நன்றாக இருந்து, பக்கத்தில் வைஃபையிலும் நன்றாக இருந்து, தூரத்தில் மட்டும் விழுந்தால்தான் இந்தப் பதிலின் மீதி உங்களுக்கு.

இங்கே ஒரு சின்ன விஷயம் பலரைக் குழப்பும். திட்டம் 300 எம்பிபிஎஸ், ஆனால் கேபிளில் எத்தனை முறை சோதித்தாலும் 94, 95 என்று ஒரே இடத்தில் நிற்கிறது. அப்படி நின்றால் இணைப்பு 100 எம்பிபிஎஸ் அளவில்தான் பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரவுட்டரின் போர்ட்டே 100 வகையாக இருக்கலாம், அல்லது கேபிளில் ஏதோ ஒரு கம்பி அறுந்திருக்கலாம். 100 எம்பிபிஎஸ் ஓட நான்கு கம்பி போதும். ஜிகாபிட் ஓட எட்டு கம்பியும் வேண்டும். கூடுதலாக வேண்டிய அந்த நான்கில் ஒன்று விட்டுப்போனாலும், பெரும்பாலும் இணைப்பு துண்டிக்காமல் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். வேறு கேபிள் மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். இன்னொன்று, கோப்பு இறங்கும்போது திரையில் வருவது மெகாபைட் கணக்கு, திட்டத்தில் சொல்வது மெகாபிட் கணக்கு. 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட்தான், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அடுத்தது சிக்னலின் பலம். போனில் தெரியும் வளைவுக் கோடுகளை நம்பாதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் அதை ஒவ்வொரு மாதிரி காட்டும். ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் வகை செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மேக் கணினியில் ஆப்ஷன் பொத்தானை அழுத்திக்கொண்டு வைஃபை குறியைக் கிளிக் செய்தால் போதும். டிபிஎம் என்ற அலகில், கழித்தல் குறியோடு ஓர் எண் வரும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. -50 என்றால் அருமை. -67 வரைக்கும் வீடியோ கால் நிம்மதியாக ஓடும். -75 வந்தால் நொண்டும், -80 தாண்டினால் இணைப்பு இருப்பது போலக் காட்டுமே தவிர வேலைக்கு ஆகாது. இந்த எண் சாதாரணக் கணக்கில் இறங்குவதில்லை. 3 குறைந்தால் சக்தி பாதியாகிவிட்டது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. -50 கிடைக்கும் இடத்துக்கும் -80 கிடைக்கும் இடத்துக்கும் நடுவே ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு, அந்த எண்ணைப் பார்த்தபடி ரவுட்டரிலிருந்து கடைசி அறை வரை மெதுவாக நடந்து பாருங்கள். செயலி எண்ணைப் புதுப்பிக்க ஒன்றிரண்டு நொடி ஆகும், அதனால் ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் நில்லுங்கள். உதாரணத்துக்கு, ஹாலில் -45, நடைவழியில் -54, அறை வாசலில் -60 என்று ஒழுங்காக இறங்கி வந்தது, வாசலைத் தாண்டி ஓர் அடி பக்கவாட்டில் நகர்ந்ததும் -74 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் தூரம் குற்றவாளி இல்லை, அந்த ஒரு சுவர்தான். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபெல்தான், அதாவது அந்த எண்ணில் 6தான், குறையும். கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் ஒன்று அதைவிடப் பல மடங்கு தின்றுவிடும். செங்கல் சுவர் கொஞ்சம் தேவலை. இரும்பு பீரோ, ஃபிரிட்ஜ், மீன் தொட்டி, தண்ணீர்த் தொட்டி, பெரிய கண்ணாடியின் பின்பூச்சு எல்லாமே அலையை மறிக்கும் அல்லது திருப்பிவிடும். சுவரைச் சாய்வாகக் கடந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் அரை அடிச் சுவருக்குள் அலை ஒன்றிரண்டு அடி பயணம் செய்ய வேண்டி வரும். ரவுட்டரை ஹாலுக்குள்ளேயே இரண்டடி நகர்த்தினால், அலை சுவருக்குப் பதிலாகத் திறந்த வாசல் வழியாகப் போக ஆரம்பிக்கும் வீடுகள் உண்டு. ஒரு பைசா செலவில்லாமல் 10 டெசிபெல் கிடைக்கும் இடம் அதுதான்.

ஆகவே ரவுட்டரின் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இணைப்பு கொடுக்க வருபவர் கேபிள் எந்தச் சுவர் வழியாக உள்ளே வருகிறதோ அந்த மூலையிலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போய்விடுவார். பெரும்பாலும் அது வீட்டின் ஓர் ஓரம். ரவுட்டர் எல்லாப் பக்கமும் பரப்பும் சிக்னலில் பாதி வெளியே தெருவுக்குப் போகிறது. ஃபைபர் வந்து சேரும் பெட்டியும் வைஃபை ரவுட்டரும் தனித்தனியாக இருந்தால் வேலை சுலபம். ஃபைபர் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதிலிருந்து நீளமான லேன் கேபிள் இழுத்து ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள். இரண்டும் ஒரே பெட்டியாக இருந்தால், நீளமான ஃபைபர் கேபிள் போட்டுப் பெட்டியையே நகர்த்தச் சொல்லலாம். அதை நீங்களே செய்ய வேண்டாம். ஃபைபரைக் கூர்மையாக மடித்தால் ஒளி வெளியே கசிந்து இணைப்பே கெடும், முனையில் தூசி பட்டாலும் தொல்லைதான்.

உயரத்தில், திறந்த இடத்தில் இருக்க வேண்டும். டிவிக்குப் பின்னாலும் அலமாரிக்குள்ளும் ஒளித்து வைத்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும், சிக்னலுக்கு ஆகாது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குச்சி ஆன்டெனாக்கள் நுனி காட்டும் திசையில் சிக்னலை அனுப்புவதில்லை. பக்கவாட்டில்தான் பரப்புகின்றன, ஆன்டெனாவைச் சுற்றி சைக்கிள் ட்யூப் மாட்டியது போல. ஆன்டெனாவின் நுனியைக் கடைசி அறைப் பக்கம் திருப்பி வைத்தால் அந்த அறைக்குத்தான் மிகக் குறைவாகப் போகும். ஒரே தளத்தில் அறைகள் இருந்தால் ஆன்டெனாக்கள் நேராக நிற்கட்டும். மாடிக்கும் வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் படுக்கையாகச் சாய்த்துப் பாருங்கள்.

அலைவரிசை விஷயத்துக்கு வருவோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு, நெரிசல் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். வைஃபை 6இ, வைஃபை 7 ரவுட்டர்களில் வரும் 6 கிகாஹெர்ட்ஸ் அதைவிடக் குறுகிய தூரம். ஒரே அறைக்குள் அற்புதம், இரண்டு சுவருக்கு அப்பால் அதை எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் எதில் சேருவது என்று போனே முடிவு செய்யும், சில நேரம் தப்பாக முடிவு செய்யும். சோதித்துப் பார்க்கும் வரைக்காவது இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுங்கள். கடைசி அறையில் இரண்டிலும் சேர்ந்து வேகத்தைப் பாருங்கள். 5-இல் -72 கிடைத்தாலும் அது நெரிசலான 2.4-ஐ விட வேகமாக இருக்கலாம். அளக்காமல் சொல்ல முடியாது.

ஒவ்வொரு அலைவரிசையும் சேனல் என்ற சிறு பாதைகளாகப் பிரிந்திருக்கும். 2.4-இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். பக்கத்து வீடுகள் எதில் இருக்கின்றன என்று அனலைசரில் பார்த்து, மூன்றில் காலியானதை எடுங்கள். 3, 4, 8 என்று நடுவில் புகுந்தால் இரண்டு பக்கத்தின் இரைச்சலும் உங்களுக்கு. சேனலின் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும், 40 வைக்காதீர்கள். மைக்ரோவேவ் அடுப்பும் ப்ளூடூத்தும் இதே இடத்தில்தான் இயங்குகின்றன. ரவுட்டரின் யுஎஸ்பி 3 போர்ட்டில் ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒரு முறை சோதியுங்கள். யுஎஸ்பி 3 கேபிள்கள் 2.4 பக்கம் இரைச்சல் கிளப்புவது தெரிந்த விஷயம். 5-இல் வழக்கமாக 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்திருப்பார்கள். தூரத்து அறைக்காக அதை 40 ஆக்கிப் பாருங்கள். உச்ச வேகம் குறையும், ஆனால் பிடிப்பு கூடும், ஏனென்றால் அகலம் பாதியானால் உள்ளே வரும் இரைச்சலும் பாதியாகிறது. 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. ரேடார் தட்டுப்பட்டால் ரவுட்டர் உடனே சேனல் மாறியாக வேண்டும். விமான நிலையத்துக்கோ துறைமுகத்துக்கோ பக்கத்தில் இருந்து, இணைப்பு திடீர் திடீரென்று அறுந்தால் 36 முதல் 48-க்குள் வைத்துப் பாருங்கள்.

அமைப்புகளுக்குள் போகும்போது பாதுகாப்பு முறையையும் ஒரு கண் பாருங்கள். டிகேஐபி என்றோ டபிள்யூஇபி என்றோ இருந்தால் அது பாதுகாப்பும் இல்லை, வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் போகாது. டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 ஆக்குங்கள்.

இப்போது பெரிய ரவுட்டர் ஏன் அவ்வளவாக உதவாது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் அதிகப் பணம் வீணாவது இதில்தான். வைஃபை இருவழிப் பேச்சு. ரவுட்டர் அனுப்பும் ஒவ்வொரு தரவுத் தொகுப்புக்கும் போன் "வந்தது" என்று பதில் அனுப்ப வேண்டும். போனின் ஆன்டெனா சிறியது, பேட்டரியும் சிறியது, அதன் குரல் ரவுட்டரின் குரலை விடச் சன்னமானது. ரவுட்டரின் சக்தியைக் கூட்டினால் போனில் சிக்னல் கோடுகள் நிறையத் தெரியும், ஆனால் போன் சொல்வது ரவுட்டருக்கு முன்பு கேட்ட அளவுதான் கேட்கும். சிக்னல் முழுதாக இருக்கிறது, ஆனால் ஒன்றும் ஓடவில்லை என்று சொல்பவர்களில் பலரின் சிக்கல் இதுதான். தவிர, எவ்வளவு சக்தியோடு அனுப்பலாம் என்பதற்குச் சட்டப்படியே உச்சவரம்பு உண்டு. சாதாரண ரவுட்டர்களும் அந்த வரம்புக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. பத்து வருடப் பழைய ரவுட்டராக இருந்தால் புதிது வாங்குவது நியாயமே, வைஃபை 6 நெரிசலை இன்னும் நன்றாகச் சமாளிக்கும். ஆனால் கான்கிரீட் சுவரைத் துளைக்கும் என்ற நம்பிக்கையில் வாங்க வேண்டாம்.

ரிப்பீட்டர். இதை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சிக்னல் வராத அறையிலேயே கொண்டுபோய் மாட்டுகிறார்கள். அங்கே அதற்கே சிக்னல் கிடைக்காதபோது எதை அது திருப்பிச் சொல்லும்? அறையில் போன் முழுக் கோடு காட்டும், வேகம் பழையபடிதான் இருக்கும். ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவில், இன்னும் -60, -65 கிடைக்கிற இடத்தில் மாட்ட வேண்டும். நடந்து பார்த்த எண்கள் இங்கே கைகொடுக்கும். அப்படி வைத்தாலும், ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் மலிவு ரிப்பீட்டர் ஒவ்வொரு தொகுப்பையும் இரண்டு முறை காற்றில் அனுப்புகிறது. வேகம் பாதியாகத்தான் ஆகும். மின்னஞ்சல், செய்தி படிக்க, பாட்டுக் கேட்கப் போதும். தினமும் அந்த அறையில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்றால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

மெஷ், அதாவது ஒரே வைஃபையாகச் சேர்ந்து இயங்கும் பல பெட்டிகள், அதைவிட நல்லது, ஆனால் அதுவும் மந்திரம் செய்வதில்லை. பெட்டிகள் ஒன்றோடொன்று காற்றிலேயே பேசிக்கொள்வதானால் மேலே சொன்ன இடவிதி அப்படியே பொருந்தும். மூன்று ரேடியோ உள்ள வகையில், ஒரு ரேடியோவைப் பெட்டிகளுக்கு இடையிலான பேச்சுக்கென்றே ஒதுக்குவார்கள், அதனால் வேகம் அவ்வளவாகப் பாதியாகாது. எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். தேவைக்கு மேல் வைத்தால் அவையே ஒன்றின் மேல் ஒன்று இரைச்சல் போடும். வாங்குவதாக இருந்தால், பின்பக்கம் லேன் போர்ட் இருக்கிறதா, கேபிள் வழியாகவும் பெட்டிகளை இணைக்க முடியுமா என்று பார்த்து வாங்குங்கள். அந்த ஒரு வசதி பின்னால் மிகவும் உதவும்.

கடைசியாக, நான் ஆரம்பத்திலேயே சொன்ன கேபிள். ரவுட்டரிலிருந்து கடைசி அறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, கேபிளில் வருவதை அங்கேயே வைஃபையாகப் பரப்பும் ஓர் ஆக்சஸ் பாயின்ட் மாட்டிவிட்டால் சிக்கல் முடிந்தது. பாதி வேகம், சுவர் என்ற பேச்சே இல்லை. கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை ஜிகாபிட் வேகத்தைக் கொண்டுபோகும், வீட்டுக்கு அதுவே தாராளம். கேட் 6 போட்டால் குறுகிய தூரத்துக்கு 10 ஜிகாபிட்டும் ஓடும். வாங்கும்போது முழுச் செம்புக் கம்பிதானா என்று கேட்டு வாங்குங்கள். சிசிஏ என்று போட்டிருந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம், எளிதில் ஒடியும், தரத்துக்கும் உட்பட்டதில்லை. மின்கம்பிகள் போகும் குழாய்க்குள்ளேயே இதையும் நுழைக்காதீர்கள், அது ஆபத்து. சுவரோரமாக, கதவுச் சட்டத்தை ஒட்டி, சின்ன பிளாஸ்டிக் பட்டைக்குள் விட்டால் கண்ணை உறுத்தாது. கதவிடுக்கில் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேசைக் கணினி, டிவி போன்ற நகராத பொருள்களை நேராகக் கேபிளிலேயே மாட்டிவிடுங்கள், காற்றில் போன்களுக்கு இடம் மிச்சமாகும்.

ஆக்சஸ் பாயின்ட்டுக்கென்று புதிதாக வாங்க வேண்டும் என்பதும் இல்லை. மூலையில் கிடக்கும் பழைய ரவுட்டர் போதும். அமைப்புகளில் ஆக்சஸ் பாயின்ட் மோடு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால், அதன் டிஎச்சிபியை (சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வசதி) அணைத்துவிட்டு, அதன் ஐபி முகவரியைப் பெரிய ரவுட்டரோடு மோதாத ஒன்றாக மாற்றிவிட்டு, கேபிளை அதன் லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள், இணையம் உள்ளே வருவதற்கான வான் போர்ட்டில் செருக வேண்டாம். முகவரி கொடுக்கும் வேலையை வீட்டில் ஒருவர்தான் செய்ய வேண்டும், இருவர் செய்தால் குழப்பம். பெயரும் கடவுச்சொல்லும் பெரிய ரவுட்டரில் உள்ளதையே கொடுங்கள், சேனல் மட்டும் வேறு.

கேபிள் இழுக்க வீட்டு உரிமையாளர் விடமாட்டார், சுவரில் ஓட்டை போட முடியாது என்ற நிலையில் பவர்லைன் அடாப்டர் உண்டு. வீட்டின் மின்கம்பி வழியாகவே தரவை அனுப்பும். ஜோடியை நேராகச் சுவர்ப் பிளக்கில் செருக வேண்டும். சர்ஜ் ப்ரொடக்டரிலும் யுபிஎஸ்ஸிலும் செருகினால் அவை சிக்னலை வடிகட்டிவிடும். இரண்டு அறையும் மின்சாரத்தில் வேறு வேறு ஃபேஸில் இருந்தால் வேகம் படுத்துவிடும். பெட்டியில் எழுதியிருக்கும் வேகத்தில் சிறு பங்குதான் கிடைக்கும். திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வாங்கினால் நல்லது, ஏனென்றால் உங்கள் வீட்டுக் கம்பியில் எப்படி ஓடும் என்பது மாட்டிப் பார்த்தால்தான் தெரியும். டிவிக்காகப் போட்ட கோஆக்சியல் கேபிள் அறைகளுக்கு இடையில் ஏற்கனவே ஓடுகிறது என்றால் அந்தக் கேபிளிலேயே தரவை அனுப்பும் மோக்கா அடாப்டர் பவர்லைனைவிட மிக நம்பகமானது.

ஆக்சஸ் பாயின்ட் போட்ட பிறகும் சிலர், போன் கடைசி அறைக்கு வந்த பின்னும் ஹால் ரவுட்டரையே பிடித்துக்கொண்டிருக்கிறது என்பார்கள். எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது போன்தான், ரவுட்டர் இல்லை. வைஃபையை அணைத்துப் போட்டால் அந்த நேரத்துக்குச் சரியாகும். நிரந்தரமாகச் சரியாக, இரண்டு பெட்டிகளின் அனுப்பும் சக்தியையும் ஒரு படி குறைத்து வையுங்கள், குறிப்பாக 2.4-இல். ஹால் ரவுட்டரின் சிக்னல் கடைசி அறையில் பலவீனமாகத் தெரிந்தால்தான் போன் அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பதைத் தேடும். கூட்டச் சொல்லித்தான் எல்லோரும் பழகியிருக்கிறோம், ஆனால் இரண்டு பெட்டி இருக்கும் வீட்டில் குறைப்பதுதான் சரி.

இவ்வளவுக்கும் பிறகு சிக்னல் -55, வேகச் சோதனையும் நன்றாக வருகிறது, ஆனாலும் வீடியோ கால் மட்டும் அவ்வப்போது உறைகிறது என்றால் தூரத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் தேடுங்கள். வீட்டில் யாராவது படங்களைக் கிளவுடுக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார்களா பாருங்கள். அனுப்பும் பாதை நிரம்பினால் ரவுட்டர் தொகுப்புகளை வரிசையில் நிறுத்தி வைக்கும், உங்கள் குரலும் அந்த வரிசையில் கடைசியில் நிற்கும். ஒன்றும் ஓடாதபோது பிங் (ஒரு தொகுப்பு போய்த் திரும்பி வரும் நேரம்) 15 மில்லிசெகண்ட், அப்லோடு நடக்கும்போது 300, 400 என்று ஏறினால் சந்தேகமே வேண்டாம், பஃபர்ப்ளோட் என்று சொல்வது இதைத்தான். ரவுட்டரில் இந்த வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்க்யூஎம் என்ற வசதி இருந்தால் அதை இயக்கி, அப்லோடு வேகத்தை நீங்கள் அளந்ததில் 90 சதவீதம் அளவுக்குக் கட்டுங்கள். அந்த வசதி இல்லையென்றால் படங்களை ஏற்றும் வேலையை இரவுக்கு மாற்றி வைத்தாலே பகல் நேரக் கால்கள் சரியாகிவிடும்.